ஆர்எக்ஸ் 100 தடை செய்யப்பட்ட வண்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை அரசு தடை செய்ததால்தான் அதன் உற்பத்தி நின்றது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. இந்தக் கருத்து தங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் உரியது அன்று. மெக்கானிக் கடைகளிலும் பழைய வண்டி விற்பனை விளம்பரங்களிலும் இது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு, இன்று யாரும் கேள்வி கேட்காத வரலாறாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த வண்டியைப் பெயர் சொல்லித் தடை செய்த அரசாணை எதுவும் கிடையாது. 1985 நவம்பரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த அதன் உற்பத்தி, அந்தப் பத்தாண்டுகளின் தொழிற்கொள்கையோடும் புகை விதிகளோடும் எஞ்சினின் இயல்போடும் பின்னிப் பிணைந்தது. இந்த உண்மையான வரலாறு தெரியாமல் இளைஞர்கள் இன்று பெருந்தொகை கொடுத்துத் தவறான வண்டியை வாங்குகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரில் உள்ள 100 என்ற எண்ணைப் பார்ப்போம். 1980-களின் தொடக்கம் வரை நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தவருக்குத் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட், மைசூரில் தயாரான எஸ்டி, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் ஆகியவற்றைத் தவிர அதிக வாய்ப்புகள் இல்லை. உரிமம் இல்லாமல் புதிய மாடலைத் தயாரிக்கவோ உற்பத்தியைப் பெருக்கவோ முடியாத காலம் அது. பிறகு மத்திய அரசு தன் கொள்கையைத் தளர்த்தி, இருசக்கர வாகனங்களில் வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கூட்டுக்கு வழி திறந்தபோது, எஞ்சினின் கொள்ளளவு 100 சிசிக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பையும் விதித்தது. அதனால்தான் 1984-இல் ஓசூரிலிருந்து வந்த இந்த்-சுசூகி ஏஎக்ஸ் 100, 1985-இல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு இறுதியில் எஸ்கார்ட்ஸ் வெளியிட்ட யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்த ஆண்டு வந்த கவாசாகி பஜாஜ் கேபி 100 ஆகிய நான்கும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றன. நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயலாக நிகழ்ந்ததன்று. உரிமத்தில் எழுதப்பட்டிருந்த எல்லைதான் பெட்ரோல் டேங்கின் அருகில் எண்ணாகப் பொறிக்கப்பட்டது.

இதற்கு வலுவான சான்று இந்தோனேசியாவில் கிடைக்கிறது. அங்கே யமஹா நிறுவனம் 1983-ஆம் ஆண்டிலேயே ஆர்எக்ஸ் கிங் என்ற பெயரில் 132 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட வண்டியை விற்கத் தொடங்கிவிட்டது. பெரிய எஞ்சின் கையில் இருந்தும் நமக்குச் சிறியது வந்ததற்குக் காரணம் நம்முடைய கொள்கையே.

எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு யமஹாவின் தொழில்நுட்பம் அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. போலந்து நாட்டு வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட 175 சிசி ராஜ்தூத்தைப் பல ஆண்டுகள் விற்றுவந்த அந்த நிறுவனம், 1983-இல் யமஹா ஆர்டி 350 வண்டியை ராஜ்தூத் என்ற தன் பெயரிலேயே வெளியிட்டது. இரட்டை சிலிண்டரும் 347 சிசி கொள்ளளவும் கொண்ட அந்த வண்டி அன்றைய நம் சாலைகளுக்கும் சராசரிக் குடும்பத்தின் பெட்ரோல் செலவுக்கும் மிகவும் பெரியதாக இருந்ததால் விற்பனையில் தடுமாறி, அந்தப் பத்தாண்டின் இறுதியோடு நின்றுபோனது. அதன் வேகத்தை விரும்பி, ஆனால் அதன் செலவைத் தாங்க முடியாமல் ஒதுங்கி நின்ற வாடிக்கையாளருக்கு ஆர்எக்ஸ் 100 பொருத்தமாக வந்து சேர்ந்தது.

அந்த வண்டியின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனென்றால் அதன் புகழும் அதன் முடிவும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமும் 50 மி.மீ.; கணக்கிட்டால் 98 சிசி வரும். காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 11 குதிரைத்திறன், நான்கு கியர், வண்டியின் எடை சுமார் 103 கிலோ. அதே காலத்து சிடி 100 ஏறக்குறைய இதே கொள்ளளவில் சுமார் 7 குதிரைத்திறன்தான் தந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆர்எக்ஸ் 100 ஏன் சிக்னலில் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளியது என்பது புரியும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். இதோடு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே வைக்கப்பட்ட ரீட் வால்வு, உள்ளே போன பெட்ரோல் கலவை திரும்பி வராமல் தடுத்ததால், ஆக்சிலரேட்டரைத் திருகிய உடனே வண்டி துடிப்போடு பாய்ந்தது. பெட்ரோலோடு எண்ணெயைக் கையால் அளந்து கலக்க வேண்டிய தொல்லையும் இல்லை. தனித் தொட்டியிலிருந்த எண்ணெயை ஆட்டோலூப் எனப்படும் சிறிய பம்ப் எஞ்சினின் தேவைக்கேற்ப அனுப்பிவைத்தது.

உலக மோட்டார் சைக்கிள் வகைப்பாட்டில் இதை ஸ்டாண்டர்டு வண்டி என்பார்கள். முன்னால் குனியவும் வேண்டாம், பின்னால் சாயவும் வேண்டாம். நேராக அமரலாம், தட்டையான நீண்ட சீட்டில் மனைவியும் குழந்தையும் உட்காரலாம், எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் உறை எதுவும் கிடையாது என்பதால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்க யாருடைய உதவியும் தேவையில்லை. வேலைக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட எளிய உடலில் பந்தய வண்டிக்குரிய உயிர் இருந்தது என்பதே என் மதிப்பீடு. குறையையும் மறைக்கக்கூடாது. இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அவ்வளவு வேகத்துக்கு அது போதாது. அந்த வண்டியில் விழுந்து காயப்படாத ஆளே எங்கள் தெருவில் இல்லை என்று சொல்லும் பெரியவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன்.

இனி, பழைய வண்டிச் சந்தையில் அதிகம் பேசப்படும் "ஜப்பான் வண்டி" விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து பிரித்து அனுப்பப்பட்ட பாகங்களை இங்கே பொருத்தித்தான் ஆர்எக்ஸ் 100 விற்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டுக் கூட்டுக்கு அனுமதி தந்தபோதே, ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்களின் பங்கைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதும் அரசின் நிபந்தனையாக இருந்தது. அதைவிட வேகமாக நிறுவனங்களை நெருக்கியது யென் நாணயத்தின் மதிப்பு. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் டாலருக்கு நிகரான யென்னின் மதிப்பு மளமளவென்று உயர்ந்தது; ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்று விகிதம் அடுத்த ஆண்டுக்குள் 160-க்கும் கீழே இறங்கியது. ஆர்எக்ஸ் 100 சந்தைக்கு வந்தது அந்த உடன்பாடு கையெழுத்தான இரண்டே மாதங்களில்! ஜப்பானியப் பாகங்களை நம்பியிருந்த இந்தியக் கூட்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது பெரிய அடியாக விழுந்தது. பாகங்களை இங்கேயே தயாரிப்பது கொள்கை நிபந்தனையாக மட்டும் இல்லாமல் பிழைப்பதற்கான வழியாகவும் ஆனது. எனவே 1990-ஐ ஒட்டித் தயாரான வண்டியைக் காட்டி, எல்லாமே ஜப்பான் சாமான் என்று சொல்லி விலையை ஏற்றுபவரிடம் வாங்குபவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த ஆண்டுகளின் வண்டி தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஓடிய ஓட்டத்தை வைத்துப் பார்த்தால் நம் நாட்டுத் தொழிலாளர்கள் செய்த வண்டி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அதற்கு ஜப்பான் முத்திரை தேவையும் இல்லை.

இப்போது உற்பத்தி ஏன் நின்றது என்ற முக்கியக் கேள்வி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியே போகும் வழியும் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. புதிய கலவைதான் பழைய புகையை வெளியே தள்ளுகிறது. தள்ளும்போது அதிலும் கணிசமான பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. பெட்ரோல் வாசனையும் நீல நிறப் புகையும் அந்த எஞ்சினின் கோளாறு அல்ல. அதன் பிறவி இயல்பு. நம் நாட்டில் புதிய வாகனங்களின் புகைக்கு முதன்முதலாக 1991-இல் வரம்பு விதிக்கப்பட்டபோது, அது டூ ஸ்ட்ரோக் வண்டிகளும் கடந்துபோகக்கூடிய அளவுக்குத் தாராளமாக இருந்தது. 1996 ஏப்ரல் 1 முதல் வந்த வரம்பு வேறு மாதிரியானது. கிலோமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 கிராம், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து 3.6 கிராம் என்ற அளவுக்குள் ஒவ்வொரு புதிய இருசக்கர வாகனமும் நிற்க வேண்டும் என்றது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி முடிந்தது அதற்கு முந்தைய மாதம், 1996 மார்ச்சில். இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்துத்தான் தடை என்ற கதை பிறந்திருக்க வேண்டும்.

ஆனால் வரம்பு விதிப்பது வேறு, தடை செய்வது வேறு. எந்த எஞ்சினாக இருந்தாலும் அந்த அளவுக்குள் நின்றால் போதும் என்றுதான் விதி சொன்னது; டூ ஸ்ட்ரோக் கூடாது என்று சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டில் அந்த வரம்பு இரண்டும் 2 கிராமாகக் குறைக்கப்பட்ட பிறகும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் தயாராகிக்கொண்டுதான் இருந்தன. நம் ஊர்களில் பால்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் மூட்டை ஏற்றிச் செல்லும் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு 2010-களிலும் விற்பனையில் இருந்ததை எல்லாரும் அறிவோம். தடை இருந்திருந்தால் அது எப்படி விற்றிருக்க முடியும்? யமஹாவின் சொந்த வரிசையே இன்னொரு சான்று. ஆர்எக்ஸ் 100 நின்றபின் அதன் இடத்தில் வந்த ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135, ஆர்எக்ஸ்இசட் ஆகிய மூன்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளே. சிலிண்டர் விட்டத்தை 50-லிருந்து 58 மி.மீ.க்கு உயர்த்தி, பிஸ்டன் செல்லும் தூரத்தை அதே 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, முன்னர் இந்தோனேசியாவில் கண்ட அதே 132 சிசி அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வரிசை 2000-களின் நடுப்பகுதி வரை ஓடியது.

ஆக, புதிய வரம்புக்கு ஏற்பப் பழைய 98 சிசி எஞ்சினைத் திருத்திக்கொண்டு தொடர்வதைவிட, வேறொரு எஞ்சினுக்கு மாறுவதே நல்லது என்று நிறுவனம் முடிவு செய்தது என்று கொள்வதே பொருத்தம். நிறுவனத்தின் அமைப்பும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. தொழில்நுட்ப உடன்படிக்கையாகத் தொடங்கிய உறவு 1990-களின் நடுவில் எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சரிபாதியாகப் பங்கு கொண்ட கூட்டு நிறுவனமாக உருமாறியது. 2000-இல் யமஹாவின் பங்கு 74 சதவீதமாக உயர்ந்தது. 2001-இல் முழு நிறுவனமும் யமஹாவின் கைக்கு வந்தது. சந்தையும் மாறிவிட்டிருந்தது. லிட்டருக்கு 80 கி.மீ. என்று விளம்பரம் செய்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி பத்தாண்டுகளாக வாடிக்கையாளரின் மனத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தது. 1994-இல் ஹீரோ ஹோண்டாவின் ஸ்ப்ளெண்டர் வந்தபின் அந்தப் போக்கைத் திருப்ப யாராலும் முடியவில்லை. பெட்ரோல் விலையைப் பார்த்து வண்டி வாங்கும் குடும்பத்துக்கு ஆர்எக்ஸ் 100-இன் பாய்ச்சல் ஒரு பொருட்டாக இல்லை.

இந்த வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உற்பத்தி நின்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன பிறகு, நல்ல நிலையில் உள்ள ஓர் ஆர்எக்ஸ் 100 இன்று புதிய வண்டியின் விலைக்கும் அதற்கு மேலும் கைமாறுகிறது. விலை ஏறியதும் போலியும் சேர்ந்தே வந்துவிட்டது. பின்னால் வந்த 132 சிசி வண்டிகளின் எஞ்சினில் பழைய டேங்கையும் பக்கவாட்டுப் பலகைகளையும் மாட்டி ஆர்எக்ஸ் 100 என்று விற்கிறார்கள். பழைய எஞ்சினில் பெரிய சிலிண்டரைப் பொருத்தி, ஆர்சி புத்தகத்தில் 98 சிசி என்றே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். என் உறவினர் மகன் ஒருவன் சேமித்த பணத்தையெல்லாம் கொடுத்து அசல் ஆர்எக்ஸ் 100 என்று வாங்கிவந்த வண்டியின் ஆர்சி புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு 1999 என்று இருந்தது. உற்பத்தி 1996 மார்ச்சோடு முடிந்தது என்ற ஒரே ஒரு செய்தி அவனுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. பதிவு செய்த தேதியை மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். விற்காமல் இருப்பில் நின்ற வண்டி தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். உற்பத்தி மாதமும் ஆண்டும் தனியாக எழுதப்பட்டிருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். வண்டியின் சட்டகமான சேசிஸில் பொறிக்கப்பட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

சட்டத்தின் பார்வையிலும் உற்பத்தித் தேதிக்கு எடை உண்டு. ஓடும் வண்டிகளுக்கான புகைப் பரிசோதனையில், 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனத்துக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரையும், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9,000 பங்கு) வரையும் இடம் தரப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் தயாரான டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு 3.5 சதவீதமும் 6,000 பிபிஎம்மும்தான். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு முறைப்படி ஓட்ட நம் மாநிலத்தில் வழி இருக்கிறது. ஆகவே அசல் ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர் குற்றவாளி போலப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியவர் எஞ்சினை மாற்றிவிட்டுப் புத்தகத்தில் பதியாதவர். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. அதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தடை செய்யப்பட்ட வண்டி என்ற பேச்சு இந்த இரு தரப்பினரையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. முறையாக வைத்திருப்பவர் சாலைச் சோதனையில் தேவையில்லாமல் தடுமாறுகிறார். மாற்றி வைத்திருப்பவர், எப்படியும் தடை செய்த வண்டிதானே, புத்தகம் எப்படி இருந்தால் என்ன என்று அலட்சியமாகிவிடுகிறார்.

பழம்பெரும் வண்டி என்ற சட்டப் பாதுகாப்பும் இப்போதைக்கு இதற்குக் கிடைக்காது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விண்டேஜ் வாகன விதிகள் ஐம்பது ஆண்டு நிறைந்தவற்றுக்கே பொருந்தும். முதல் ஆர்எக்ஸ் 100 அந்த வயதை எட்டுவது 2035-இல். அதுவரை சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பித்துக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உரிமையாளர்களுடையது.

யமஹா நிறுவனம் அந்தப் பெயரை மீண்டும் கொண்டுவர எண்ணுவதாக 2022-இல் அதன் இந்தியத் தலைவர் சொன்ன செய்தி வந்தபோது பலர் மகிழ்ந்தார்கள். பழைய எஞ்சின் திரும்பி வராது என்பதை அவர்கள் உணர வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை விதிப்படி ஹைட்ரோகார்பன் கிலோமீட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக்கூடாது. எரியாத பெட்ரோலைச் சைலன்சர் வழியாக விடும் எஞ்சினால் அந்த எல்லையை நெருங்கவும் முடியாது. பெயர் வந்தால் வரட்டும். அது வேறொரு வண்டி என்று தெரிந்தே வாங்கட்டும்.

இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தயாரிப்பு நிறுவனம் 1985 முதல் 1996 வரை எந்த ஆண்டில் எந்த எண் தொடங்கி எந்த எண் வரை சேசிஸ் தயாரித்தது என்ற பட்டியலைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். வெளிநாடுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் உரிமையாளர் சங்கங்கள் இத்தகைய பட்டியல்களை வைத்துக்கொண்டு வண்டியின் ஆண்டை உறுதி செய்து தருகின்றன. இங்கே அந்த விவரம் வெளிப்படையாக இருந்தால் போலி வியாபாரத்தில் பாதி அன்றைக்கே நின்றுவிடும். திருட்டு வண்டிகளைக் கண்டறியக் காவல் துறைக்கும் அது பயன்படும்.

மற்றொன்று தங்களிடம். தடை பற்றிய அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுவதோடு, அந்தக் காலத்து விற்பனை ரசீதையோ உரிமையாளர் கையேட்டையோ இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றின் நகலை அனுப்புமாறு கேட்டு, வாகனப் பகுதியில் சில வாரங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கித் தர வேண்டும். எண்ணும் தேதியும் உள்ள அந்தக் காகிதங்களே இப்போதைக்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் உற்பத்திப் பதிவேடு.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்